வண்ணத்துப்பூச்சிப் படமும் வணிகனின் தராசும் – ஒரு வரலாற்று நோக்கு

மலர்க் குழுவினர் ஆண்டுதோறும் என்னிடம் கேட்பது சமணக் கல்வெட்டுக் கட்டுரை. வள்ளிமலை, திருமலை, சித்தன்னவாசல் என்று நானும் எழுதிக்கொண்டு வந்தேன். இந்த ஆண்டு, "வேறே ஒன்று எழுதட்டுமா? வண்ணத்துப்பூச்சியைக் கிட்டத்தில் படம் பிடிப்பது பற்றி" என்று கேட்டபோது குழுவில் சிலர் சிரித்துவிட்டார்கள். வெல்ல மண்டிக்காரருக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பார்கள். சம்பந்தம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்துப் பொங்கல் விழாக் கண்காட்சியில் நான் ஒரு படம் வைத்தேன். அந்தப் படத்தில் ஒரு பொய் இருந்தது. பலரும் பாராட்டிய அந்தப் படத்துக்கு நான் கணக்கு ஒப்புவிக்க வேண்டியிருக்கிறது. தனியாகச் சொன்னால் புலம்பலாகிவிடும். அதனால் வரலாற்றோடு சேர்த்துச் சொல்கிறேன்.

நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன். முன்னோர் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர். சித்தூரில் தகப்பனார் தொடங்கிய மண்டியில் உட்கார்ந்துகொண்டே படித்தவன். பிழை இருந்தால் கற்றோர் பொறுத்தருள வேண்டும்.

நம் மலையும் நாலறிவுயிரும்

சித்தூர் மாவட்டம் 1911-ல் உருவாயிற்று. வட ஆற்காட்டிலிருந்து சில வட்டங்களையும் கடப்பையிலிருந்து சில வட்டங்களையும் சேர்த்தார்கள். 1953-ல் அது ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை மாற்றத்துக்கும் நடுவில் சேஷாசல மலை அசையாமல் இருக்கிறது. செம்மரம் இயற்கையாக விளையும் சில இடங்களில் அது ஒன்று. 1989-ல் இம்மலைப் பகுதி ஸ்ரீவேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா ஆயிற்று. 2010-ல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தலக்கோனை அருவிப் பக்கம் மழை விட்ட சில நாளில் போனால், ஈர மணலில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து உப்புச் சத்தை உறிஞ்சுவதைப் பார்க்கலாம்.

தெலுங்கில் இதற்குச் 'சீதாகோகசிலுக' என்று பெயர். கோக என்றால் சேலை, சிலுக என்றால் கிளி. சீதையின் சேலையைக் கட்டிய கிளி! நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அழகான பெயர்தான். வண்ணத்துப்பூச்சி, பட்டாம்பூச்சி என்ற நம் பெயர்களையும் கூடவே சொல்லிக் கொடுத்தால் போதும்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கிறார். நண்டையும் தும்பியையும் நாலறிவில் வைக்கிறார். சமண நூல்களும் பறக்கும் பூச்சிகளைச் 'சதுரிந்திரிய' உயிர் என்று இதே வரிசையில்தான் வைக்கின்றன. தொட்டறிவது, சுவைப்பது, முகர்வது, காண்பது ஆகிய நான்கு. சில வகைப் பட்டாம்பூச்சிகளுக்குக் கேட்கும் உறுப்பும் உண்டு என்று இன்றைய அறிவியலார் கண்டிருக்கிறார்கள், அது வேறு விஷயம். அதற்கும் வலியுண்டு, கொல்லாதே என்பதுதான் இந்த வகுப்புமுறை எங்களுக்குச் சொன்ன பாடம். எங்கள் திகம்பர முனிவர் உட்காரும் இடத்தை மயிற்பீலியால் மெல்ல ஒதுக்கிவிட்டுத்தான் உட்காருவார். எறும்பு நசுங்கக் கூடாது. நானோ வெல்ல மண்டிக்காரன். எறும்பும் ஈயும் என் வாடிக்கைக்காரர்களைவிட அதிகம். அந்தப் பீலியின் அருமை எனக்குத் தெரியும்.

ஊசியில் குத்திய காலம்

வண்ணத்துப்பூச்சியை அறிவதற்கு ஐரோப்பியர் கண்ட வழி வேறு. பிடிப்பது, கொல்வது, இறகை விரித்து ஊசியில் குத்திப் பெட்டியில் வைப்பது. அந்த வரலாற்றில் நம் தமிழ்க் கடற்கரைக்கும் பெரிய பங்கு உண்டு.

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க்குக்காரர் வசம் இருந்தது. சீகன்பால்கு வந்து தமிழ் அச்சு தொடங்கிய ஊர் என்ற அளவில் நமக்குத் தெரியும். அதே ஊருக்கு 1768-ல் யோஹான் கெர்ஹார்டு கேனிக் என்ற மருத்துவர் வந்தார். ஸ்வீடன் தேசத்துப் பேரறிஞர் லின்னேயஸின் மாணவர் இவர். செடி கொடிகளையும் பூச்சிகளையும் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பிற்பாடு ஆற்காட்டு நவாபின் பணியிலும் கும்பினியாரின் பணியிலும் இருந்தார். அப்போது நம் சித்தூர்ச் சீமையும் ஆற்காட்டு நவாபின் ஆட்சியில்தான் இருந்தது. 1785-ல் காக்கிநாடாவை ஒட்டிய ஜகந்நாதபுரத்தில் கேனிக் இறந்தார். தமிழ்க் கரையில் தொடங்கி ஆந்திரக் கரையில் முடிந்த வாழ்வு. நம்மைப் போன்றவர் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அவர் அனுப்பிய பூச்சிகளுக்குப் பெயரிட்டு எழுதியவர்களில் முதன்மையானவர் டென்மார்க்கின் யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ் (1745–1808). இவரும் லின்னேயஸிடம் படித்தவரே. ஏறத்தாழ பத்தாயிரம் பூச்சி இனங்களுக்குப் பெயர் சூட்டியவர். 'ரோஜா அழகி' என்று நாம் சொல்லும் காமன் ரோஸ் பட்டாம்பூச்சிக்கு 1775-ல் அறிவியல் பெயர் வைத்தவர் அவர்தான். தமிழ்நாடு அரசு 2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த 'தமிழ் மறவன்' இனத்துக்கும் 1787-ல் பெயர் வைத்தவர் அவரே.

சேகரித்தவர்கள் எல்லாரையும் கொலைகாரர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டிகள் இல்லாவிட்டால் இன்று நமக்குப் பெயரும் தெரியாது, இனமும் தெரியாது. ஆனாலும் அந்த அறிவுக்குக் கொடுத்த விலை உயிர் என்பதை மறக்கலாகாது.

சாயம் பூசிய இறகு

இதே ஃபாப்ரிசியஸ் ஒரு மோசடியையும் கண்டுபிடித்தவர். என் கட்டுரைக்கு அதுதான் ஆணிவேர்.

1702-ல் லண்டனில் ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்து வணிகரும் சேகரிப்பாளருமானவரிடம் வில்லியம் சார்ல்டன் என்பவர் ஒரு பட்டாம்பூச்சியை அனுப்பினார். பார்ப்பதற்கு இங்கிலாந்தில் சாதாரணமாகக் காணும் மஞ்சள் பட்டாம்பூச்சிதான். இறகில் கறுப்புப் புள்ளிகளும் கீழிறகில் பிறை போன்ற நீலக் குறிகளும் கூடுதலாக இருந்தன. அதைப் போல் இன்னொன்றை எவரும் பிடித்ததில்லை. பெட்டிவர் படம் போட்டு எழுதினார். அறுபது ஆண்டுக்குப் பின் லின்னேயஸே அதைப் புதிய இனமென்று ஏற்று 'பாப்பிலியோ எக்லிப்சிஸ்' என்று பெயர் சூட்டினார். 1767-ல் வந்த அவருடைய பெருநூலின் 12-ஆம் பதிப்பில் அது இடம் பெற்றிருக்கிறது.

1793-ல் ஃபாப்ரிசியஸ் உண்மையைச் சொன்னார். அது அதே பழைய மஞ்சள் பட்டாம்பூச்சிதான். புள்ளிகளும் பிறைகளும் கையால் சாயம் பூசியவை! ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஒரு பொய், உலகின் மிகப் பெரிய இயற்கை அறிஞரின் நூலிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. பூசியவன் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான். சுமை பின்னால் வந்தவர்கள் தலையில். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரும் இல்லை, ஃபோட்டோஷாப்பும் இல்லை. ஆனால் இன்று நாம் 'எடிட்டிங்' என்று சொல்கிற வேலையின் தவறான பாதி அன்றே நடந்து முடிந்துவிட்டது.

ஒளி எழுதிய இறகு

புகைப்படக்கலை 1839-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய ஆண்டுகளிலேயே இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட், வெயிலை வாங்கிப் பெரிதாக்கும் நுண்ணோக்கியைக் கொண்டு பூச்சி இறகுகளைப் படமெடுத்தார். புகைப்படம் பிறந்த வீட்டிலேயே பூச்சியிறகும் இருந்தது என்று பெருமையாகச் சொல்லலாம்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1850-களின் கடைசியில் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்தவர் காப்டன் லின்னேயஸ் டிரைப். ஆம், அவருக்கும் லின்னேயஸ் என்றே பெயர்! தஞ்சை, மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளை 1858-ல் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்துப் பத்தொன்பது அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக ஒட்டினார். கல்வெட்டுப் பித்தன் எனக்கு இதைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. அதே டிரைப் தம் நெகட்டிவ்களில் தூரிகையால் மேகங்களைத் தீட்டியிருக்கிறார், மரத்து இலைகளையும் திருத்தியிருக்கிறார். அன்றைய நெகட்டிவில் வானம் வெறுமையாகப் பதிவாகும் என்பதால் இப்படிச் செய்தார். கல்வெட்டின் எழுத்திலே கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இராசராசன் கொடை கொடுத்த கணக்கே மாறிப் போயிருக்கும். படத்தைத் திருத்துவதில் எது பொறுக்கத்தக்கது, எது பொறுக்கத் தகாதது என்ற கேள்வி 1858-லேயே நம் மண்ணில் எழுந்துவிட்டது.

தகப்பனார் கேட்ட கேள்வி

1980-களில் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். மண்டிக்கு வந்த உறவினர் ஒருவர் பேச்சுவாக்கில், "ஃபிலிம்ல மாட்டெலும்புப் பசை தடவியிருக்கும், தெரியுமோ?" என்றார். தகப்பனார் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "அப்படியாடா? விசாரிச்சுச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

விசாரித்தேன். உண்மை. 1871-ல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஒளியுணரும் வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து கண்ணாடியில் பூசும் முறையைக் கொடுத்தார். அதிலிருந்துதான் இன்றைய ஃபிலிம் வரை வந்தது. ஜெலட்டின் என்பது கால்நடைகளின் எலும்பிலும் தோலிலும் காய்ச்சி எடுப்பது. 1920-களில் கோடாக் நிறுவனத்து விஞ்ஞானி சாமுவேல் ஷெப்பர்ட் இன்னொரு விந்தையைக் கண்டார். ஜெலட்டினில் மிக நுண்ணிய அளவில் இருந்த கந்தகச் சேர்மங்கள்தாம் ஃபிலிமுக்குக் கூர்மையான ஒளியுணர்வைக் கொடுத்தன. கடுகு போன்ற செடிகளை மாடு மேய்ந்ததால் வந்த கந்தகம் அது. மாடு எதைத் தின்றது என்பது வரை படத்தில் பதிந்திருக்கிறது! உதகமண்டலத்தில் 1960-ல் ஏற்படுத்திய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' ஃபிலிமும் இதே முறையில் செய்ததுதான். அந்த ஆலை பின்னாளில் மூடப்பட்டுவிட்டது.

தகப்பனாரிடம் சொன்னேன். "சரி" என்றார். திட்டவில்லை. நானே கேமராவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். பூச்சியைக் கொல்லாமல் பிடிக்கிறேன் என்று மாட்டெலும்பில் பிடிப்பதா என்று மனசு ஒப்பவில்லை. ஏறத்தாழ இருபது வருஷம் அது பரணிலேயே கிடந்தது.

1975-ல் ஸ்டீவ் சாஸன் என்ற பொறியாளர் அதே கோடாக் நிறுவனத்தில் ஃபிலிம் இல்லாத டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டியிருந்தார். அது கடைத்தெருவுக்கு வந்து என் கைக்கு எட்டும் விலைக்கு இறங்குவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. வாங்கினேன். தகப்பனார் அப்போது இல்லை.

கிட்டப் போய்ப் பார்த்தல்

சின்னப் பொருளை அதன் உண்மை அளவிலேயே ஃபிலிமிலோ சென்ஸாரிலோ பதிப்பதை ஒன்றுக்கு ஒன்று என்பார்கள். இதற்கான தனி லென்ஸை மேக்ரோ லென்ஸ் என்கிறோம். 1955-ல் ஜெர்மானியர் ஹைன்ஸ் கில்ஃபிட் செய்த 'மேக்ரோ-கிலார்' இவ்வகையில் முன்னோடி. 1956-ல் நிக்கான் 'மைக்ரோ-நிக்கோர்' கொண்டுவந்தது. அது பூச்சிக்காகச் செய்ததல்ல. கோடுகள் நெருங்கிய ஜப்பானிய எழுத்துக்களை மைக்ரோஃபிலிமில் தெளிவாக நகலெடுக்கச் செய்தது. ஏடு காக்கப் பிறந்த லென்ஸ் இறகைப் படிக்கவும் உதவியது.

கிட்டப் போகப் போகத் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். ஒன்றுக்கு ஒன்று அளவில், எஃப் எட்டு என்ற துளையில், தெளிவான ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான்! கண் தெளிந்தால் இறகு மங்கும். அதனால் மடித்த இறகுக்கு நேர் இணையாகக் கேமராவைப் பிடிக்க வேண்டும். வெளிச்சமும் குறையும், எஃப் எட்டு பதினாறாகவே நடந்துகொள்ளும். எனவே காலை இளவெயில் நல்லது. பட்டாம்பூச்சி தன் உடம்பு சூடேறினால்தான் பறக்கும். விடிந்த ஒரு மணி நேரம் இறகை விரித்துக் குளிர் காய்ந்துகொண்டிருக்கும். அப்போது மூச்சையடக்கி, நிழல் விழாமல், முழங்கையை ஊன்றி மெல்லக் கிட்டப் போகலாம். இரவு உண்ணாமல் விடியலில் எழும் சமணனுக்கு இது சிரமமே இல்லை.

சிலர் பூச்சியைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து, விறைத்த பின் பூவில் ஒட்டி வைத்து எடுக்கிறார்கள். படம் நன்றாகத்தான் வரும். எனக்கு அது ஊசியில் குத்துவதன் தம்பியாகவே தெரிகிறது. ஆனால் என் பாவத்தையும் சொல்ல வேண்டும். ஒருமுறை கண்ணைக் கேமராவிலேயே வைத்து முழங்காலிட்டு நகர்ந்தேன். எழுந்து பார்த்தால் முழங்காலுக்கடியில் ஈஸ்வரமூலிக் கொடி நசுங்கிக் கிடந்தது, அதில் இருந்த இரண்டு புழுக்களோடு. எந்த இனத்தின் படத்துக்காகப் போனேனோ அதன் குஞ்சுகள். அன்றிலிருந்து பையில் ஒரு சின்ன மயிற்பீலி வைத்திருக்கிறேன். உட்காருமுன் ஒதுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

இந்தப் பொறுமைக்குத் தமிழரில் வழிகாட்டி மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். தாமே பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கேமராவால் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் இறக்கும் வரை இயற்கை பற்றி எழுதியவர். வண்ணம் இல்லாமலேயே விலங்கின் உண்மையைக் காட்ட முடியும் என்பதற்கு அவர் படங்கள் சாட்சி.

என் தவறு

1982 பிப்ரவரி மாத நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் எகிப்தின் பிரமிடுகள் இரண்டைக் கம்ப்யூட்டரால் நெருக்கி வைத்தார்கள். அட்டையின் நீள வடிவத்துக்குள் அடங்க வேண்டுமாம். பெரிய கண்டனம் எழுந்தது. 1990-ல் தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வந்தது. பெரிய அச்சகத்தார் செய்ததை இனி எவரும் வீட்டில் செய்யலாம் என்றாயிற்று. என் பேரன் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தான். இருட்டை வெளிச்சமாக்குவது, நிறத்தைச் சரிசெய்வது, வேண்டாததை அழிப்பது, இருப்பதை நகலெடுத்து ஒட்டுவது. எல்லாம் அரை மணியில் வந்துவிட்டது.

திருப்பதியில் மலையடிவாரத்து உண்ணிச்செடிப் புதரில் ஒரு காலை ஒரு பட்டாம்பூச்சியை எடுத்தேன். கறுப்பு மேலிறகில் வெள்ளைப் பட்டை, கீழிறகில் சிவப்புப் புள்ளிகள். 'சிவப்புடல் அழகி' என்று முடிவு கட்டினேன். கிரிம்சன் ரோஸ் என்பார்களே, 1758-லேயே லின்னேயஸ் பெயர் வைத்த அதேதான். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது உடல் கறுப்பாக இருந்தது. நிழல் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். சிவப்புடல் அழகிக்குச் சிவப்புடல் இருக்க வேண்டுமே! வயிற்றில் சிவப்பை ஏற்றினேன். கீழிறகின் ஓரம் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. மறுபக்கத்தை நகலெடுத்து ஒட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாக இருந்தது.

கண்காட்சியில் எல்லாரும் மெச்சினார்கள். சிநேகிதர் மகள், விலங்கியல் படிக்கிற பெண், வெகுநேரம் நின்று பார்த்தாள். பிறகு அருகில் வந்து, "பெரியப்பா, தப்பா நினைக்காதீங்க. தலை கறுப்பா இருக்கு, வயிறு மட்டும் சிவப்பா இருக்கே. ஒரிஜினல் ஃபைல் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தவள், "இது சிவப்புடல் அழகி இல்லே. கறிவேப்பிலை அழகி. பெட்டை" என்றாள்.

கறிவேப்பிலை அழகி, அதாவது காமன் மார்மன், கறிவேப்பிலை எலுமிச்சைச் செடிகளில் வளர்வது. அதில் விஷமில்லை. சிவப்புடல் அழகியும் ரோஜா அழகியும் ஈஸ்வரமூலி வகைக் கொடிகளைத் தின்று வளர்வதால் உடம்பில் நஞ்சுண்டு, பறவைகள் தொடா. அதனால் கறிவேப்பிலை அழகியின் பெட்டைகளில் சில ரோஜா அழகியைப் போலவும், சில சிவப்புடல் அழகியைப் போலவும் இறகு பூண்டு தப்பிக்கின்றன. இப்படிப்பட்ட வேஷத்தை 1862-ல் ஹென்றி பேட்ஸ் முதலில் விளக்கினார். ஒரே இனத்தின் பெட்டைகள்தாம் இப்படிப் பல உருவில் இருக்கின்றன என்பதை 1865-ல் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் எடுத்துக்காட்டினார். 2014-ல் நம் நாட்டு விஞ்ஞானி கிருஷ்ணமேக் குண்டேயும் உடன் ஆய்ந்தவர்களும் இந்த வேஷத்தை ஆளும் மரபணு ஒன்றேயென்று கண்டறிந்தார்கள். வேஷக்காரியையும் அசலையும் பிரித்தறிய எளிய அடையாளம் உடல். அசலுக்குச் சிவப்பு, வேஷத்துக்குக் கறுப்பு.

அந்த ஒரே அடையாளத்தின்மேல்தான் நான் சாயம் பூசியிருந்தேன்! போதாததற்கு, நான் ஒட்டி மறைத்த அந்தப் பிய்ந்த ஓரம் பறவை கொத்திய வடுவாம். இவ்வளவு வேஷம் போட்டும் ஒரு பறவை கொத்தப் பார்த்திருக்கிறது, தப்பி வந்திருக்கிறது. அந்த உயிரின் வாழ்க்கை வரலாற்றையே நான் துடைத்துவிட்டேன். கல்வெட்டைச் சிதைத்தவனை வாய்கிழியத் திட்டுகிறவன் நான்.

போலிச் சரக்கு

அன்றிரவு தத்துவார்த்த சூத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். உமாசுவாமி அருளியது. கள்ளாமை விரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்தென்று அதில் வருகிறது. அவற்றில் ஒன்று குறைந்த எடையும் கூடிய எடையும் வைத்திருப்பது. இன்னொன்று 'பிரதிரூபக வியவகாரம்', அதாவது போலிச் சரக்கை நல்ல சரக்கென்று கொடுப்பது. வணிகனுக்காகவே சொன்ன குற்றங்கள். என் தராசு சரி என்று நாற்பது வருஷம் மார்தட்டியவன் படத்தில் போலிச் சரக்கு விற்றிருக்கிறேன்.

வெல்லத்திலும் இது உண்டு. பாகில் 'ஹைட்ரோஸ்' என்ற ரசாயனம் சேர்த்தால் வெல்லம் பொன்னிறமாகும். வாங்குகிறவர் அந்த நிறத்தைத்தான் கேட்கிறார். கறுத்த வெல்லம் நல்லது என்று சொன்னாலும் முகம் சுளிக்கிறார். அந்தச் சரக்கை நான் எடுப்பதில்லை, நஷ்டம் வந்தாலும் எடுப்பதில்லை. பின் படத்துக்கு மட்டும் ஏன் ஹைட்ரோஸ் போட்டேன்? வெல்லத்தில் பணம் வந்தது, படத்தில் பாராட்டு வந்தது. பாராட்டும் ஒரு லாபம்தான் என்று அப்போது தோன்றவில்லை.

அதன் பின் எனக்கென்று சில விதிகள் வைத்துக்கொண்டேன். படமெடுக்கும் நம் பிள்ளைகளுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

1. கேமரா எழுதிய மூலக் கோப்பை அழிப்பதில்லை. நகலில்தான் வேலை.
2. வெளிச்சம், வெண்மைச் சமன், கூர்மை ஆகியவற்றைப் படம் முழுமைக்கும் திருத்தலாம். கண் கண்டதைக் கேமரா சரியாக எழுதாதபோது அது நியாயம். ஓரங்களை வெட்டலாம்.
3. பூச்சியின் உடலிலோ இறகிலோ ஒரு புள்ளியும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. பிய்ந்த இறகு பிய்ந்தே இருக்கும்.
4. ஆழம் வேண்டி பல படங்களை அடுக்கி ஒன்றாக்கினால் அதைப் படத்தடியில் சொல்லிவிட வேண்டும்.
5. ஊர், மாதம், இருந்த செடி மூன்றும் எழுத வேண்டும். பெயர் சந்தேகமானால் படித்தவரைக் கேட்க வேண்டும், வயது பார்க்கலாகாது.

இன்று நான்கு சொல்லைத் தட்டினால் உலகில் ஒருநாளும் பறக்காத பட்டாம்பூச்சியைக் கம்ப்யூட்டரே வரைந்து தருகிறது. படமென்று நம்பிப் பெயர் வைக்க இன்னொரு லின்னேயஸ் ஏமாறலாம். ஒவ்வொரு முறையும் கண்டுபிடிக்க ஒரு ஃபாப்ரிசியஸ் வருவார் என்று இருக்க முடியாது. நம் வீட்டிலேயே அப்படி ஒரு பெண் இருந்தது என் பாக்கியம்.

முடிவுரை

உயிரைக் கொல்லாமல் அறிய வழி வந்திருப்பது பெரிய பேறு. தரங்கம்பாடியில் கேனிக் வலைவீசிய காலத்தில் இது இல்லை. மாட்டெலும்பு தேவைப்படாத படமும் வந்துவிட்டது. என் தகப்பனார் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கொல்லாமை இப்போது கருவியாலேயே பெருமளவு கிடைத்துவிடுகிறது. பொய்யாமையை எந்தக் கம்பெனியும் செய்து தருவதில்லை. அதை அவரவர்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் படத்தை நான் கிழிக்கவில்லை. மண்டியில் தராசுக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறேன். பக்கத்திலேயே மூலப் படமும் இருக்கிறது: கறுத்த உடல், பிய்ந்த இறகு. வருகிறவர்கள், "ரெண்டும் ஒண்ணாங்க?" என்று கேட்கிறார்கள். சரக்கு எடை போடும் நேரத்துக்குள் கதையைச் சொல்லிவிடுகிறேன். வரும் பொங்கல் கண்காட்சிக்கு நம் சங்கப் பிள்ளைகள் படம் எடுத்து வர வேண்டும். மூலப் படத்தையும் கூடவே கொண்டு வாருங்கள். பெயர் சொல்ல அந்தப் பெண் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

எல்லா உயிரும் இன்புற்றிருக்கட்டும். வணக்கம்.